பழைய புல்லட் 350 எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது: ஒரு போரிங் பட்டறைக்காரன் சொல்வது

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு போரிங் பட்டறை, தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரை வெட்டிப் பெரிதாக்குகிற வேலை. முழு வண்டி என்னிடம் வருவது குறைவு. மெக்கானிக்குகள் பேரல் என்கிற சிலிண்டரையும் பிஸ்டனையும் சாக்குப் பையில் சுற்றி அனுப்புவார்கள், கூடவே சில நேரம் கிராங்க்கோ ஹெட்டோ வரும். பேரலுக்குள் ஒரு தடவை விரலை விட்டுத் தடவினாலே வண்டி எப்படி ஓடியிருக்கிறது, யார் கடைசியாகப் பிரித்தார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இங்கே நான் பேசப்போவது காஸ்ட் அயர்ன் பேரல் போட்ட பழைய புல்லட் 350 பற்றி. 1955-ல் மெட்ராஸில் தொடங்கி, திருவொற்றியூரில் பல பத்தாண்டு ஓடிவந்த அதே எஞ்சின். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லி; 346 சி.சி. கம்பெனி சொன்ன பவர் 18 குதிரை, 5,625 ஆர்.பி.எம்-ல். எனக்கு வரும் எஞ்சின்களில் அந்தப் பதினெட்டை முழுசாகக் கொடுக்கக்கூடியது அபூர்வம். ரிங் வழியாகக் கொஞ்சம், வால்வு சீட்டில் கொஞ்சம், தப்பான டைமிங்கில் கொஞ்சம் என்று பவர் ஒழுகிப்போயிருக்கும். அந்த ஒழுகலை அடைத்தாலே ஊருக்குள்ளும் மலையேற்றத்திலும் வண்டி வேறு வண்டியாகிவிடும். அதற்கு மேல் கூட்டுவதெல்லாம் அப்புறம்தான்.

ஒரு பையன் போன மாதம் பேரலோடு வந்தான். “அண்ணா, ஒரேயடியா நாப்பது சைஸ் போட்ருங்க, பவர் வரட்டும்” என்றான். நான் கால்குலேட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நாற்பது சைஸ் என்றால் போரை நாற்பது தௌ, ஏறக்குறைய ஒரு மில்லி, பெரிதாக்குவது. 71 மில்லி போருக்கு 356 சி.சி. சொச்சம் வரும். கூடுவது பத்து சி.சி., மூன்று சதவீதம்கூட இல்லை. பதிலுக்கு அவன் இழப்பது, அடுத்தடுத்து போர் பண்ண இருந்த பேரலின் ஆயுள் மொத்தத்தையும். “தேய்மானம் எத்தனை கேக்குதோ அத்தனைதான் தம்பி வெட்டணும்” என்றேன். இருபது சைஸிலேயே சுத்தமாக வந்துவிட்டது.

பிரிக்கும் முன்

ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, மறுபடி திறக்கும்போது மட்டும் புகை தள்ளினால் வால்வு கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல். பல நாள் நின்ற வண்டி முதல் கிக்கில் மட்டும் புகைந்து பிறகு அடங்கினால் பயப்பட வேண்டாம். ஆயில் டேங்க் கிராங்க்கேஸோடு சேர்ந்தே இருப்பதால், நிற்கும்போது ஆயில் மெல்ல கீழே இறங்கிவிடும். அதற்காக எஞ்சினைப் பிரித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிரிக்கும்போது சேதம் அதிகம் நடக்கும் இடம் டைமிங் பக்கம். கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட் இருக்கிறதே, அது இடது மரை. வழக்கம்போல இடது பக்கம் திருப்பி, வரவில்லை என்று பைப் போட்டு அழுத்தினால் ஷாஃப்ட் முனை போச்சு. கவரைத் திறந்ததும் கேம் கியர்களில் உள்ள மார்க்கை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மார்க் தேய்ந்திருந்தால் பெயின்ட் வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கிராங்க்

பேரலைத் தூக்கியதும், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கான்ராடை மேலே நிறுத்தி, இரண்டு கையாலும் நேர் மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நேர்மேலாக ‘டக்’ என்று ஒரு தட்டல் கையில் பட்டால் பிக் எண்ட், அதாவது கான்ராட் கிராங்க்கில் சேரும் பெரிய முனை, போய்விட்டது. இந்த எஞ்சினில் பிக் எண்டுக்கு ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் சரியாகக் கிடைக்கும் வரைக்கும் அது நன்றாகவே உழைக்கும். நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்கள் ரோலர் பேரிங் போட்ட கான்ராடுக்கு மாறிக்கொள்கிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதைப் போட்டாலும் ஃப்ளைவீல் இரண்டையும் மறுபடி சேர்த்த பின் சென்டரில் பிடித்து டயல் வைத்துச் சுற்றிப் பார்க்கணும். இரண்டு பக்க ஷாஃப்ட்டிலும் கோணல் ஓட்டம் இரண்டு தௌவைத் தாண்டக் கூடாது. “சும்மா கண்ணால பாத்து தட்டி எடுத்துட்டேன்” என்று சொல்லும் கிராங்க்கை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஃபுட்ரெஸ்டில் வரும் கூச்சத்துக்குப் பாதி காரணம் அதுதான்.

போரிங்

என் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பேரலை மூன்று உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். மேலே ரிங் எட்டாத ஓரத்தில் பழைய அளவு அப்படியே இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதிலும் வண்டியின் முன் பின் திசையில் கூடுதலாக இருக்கும், பிஸ்டன் அந்தப் பக்கம்தான் சாய்ந்து அழுத்துகிறது. இந்த ஆறு அளவையும் காகிதத்தில் எழுதி மெக்கானிக்குக்குக் கொடுக்காத பட்டறையில் பேரலைக் கொடுக்காதீர்கள்.

பிஸ்டன் கையில் இல்லாமல் போர் பண்ணச் சொல்வது கூடவே கூடாது. டப்பாவில் ‘இருபது’ என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பது அதைவிட ஒன்று ஒன்றரை தௌ கூடவோ குறையவோ இருக்கும். பிஸ்டனின் அடிப்பாவாடையில், கான்ராடை இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கான திசையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டித்தான் போர் அளவை முடிவு செய்வேன். காற்றில் குளிரும் காஸ்ட் அயர்ன் பேரலுக்கு மூன்றரையிலிருந்து நாலு தௌ. நான் நாலு கொடுப்பேன். இறுக்கமாகக் கேட்பவர்கள் உண்டு: “மூணு போதும்ங்க, சத்தம் வராது.” சத்தம் வராதுதான். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு ஏற்றத்தில் செகண்ட் கியரில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது காற்றே படாமல் எஞ்சின் கொதிக்கும். அப்போது பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது லேசாக ஒரு ‘டிக் டிக்’ கேட்டு, சூடேறியதும் மறைந்தால் அது நோய் இல்லை.

கடைசி ஒன்றரை இரண்டு தௌவை ஹோனிங்குக்கு, அதாவது கல்லால் தேய்த்து முடிப்பதற்கு, விட்டுவிட வேண்டும். கல் மேலும் கீழும் போகிற வேகம் சரியாக இருந்தால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழும், ஆயில் அந்தக் கோடுகளில்தான் தங்கும். கண்ணாடி மாதிரி பளபளவென்று கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும், ரிங்குக்குப் பிடிக்காது. அப்புறம் பேரலின் அடி விளிம்பை லேசாகச் சரித்துவிடச் சொல்லுங்கள், ரிங் இறங்கும்போது உடையாது.

முடிந்ததும் பெரும்பாலோர் பெட்ரோலில் கழுவுவார்கள். பெட்ரோல் ஆயிலைத்தான் எடுக்கும். கல்லிலிருந்து உதிர்ந்த பொடி கோடுகளுக்குள் அப்படியே கிடக்கும். சுடுதண்ணீரில் துணி சோப்புத்தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவணும். காய்ந்ததும் வெள்ளை வேட்டித் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு உள்ளே துடைத்துப் பார்க்கவும். முதல் தடவை துணி சாம்பல் நிறமாகும். மறுபடி சோப்பு, மறுபடி துணி. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரைக்கும் விடக் கூடாது. பிறகு உடனே ஆயில் தடவ வேண்டும், இல்லையென்றால் காஸ்ட் அயர்ன் அன்று சாயங்காலமே துருவைக் காட்டும்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் பேரலுக்குள் போட்டு, பிஸ்டன் தலையால் ஒரு அங்குலம் கீழே தள்ளி நேராக்கி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். போரின் ஒரு அங்குலத்துக்கு நாலு தௌ என்பது பழைய கணக்கு. நம் போர் இரண்டே முக்கால் அங்குலம், ஆக பதினொரு தௌ. பதினைந்து வரைக்கும் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, எட்டு ஒன்பது என்றால் கட்டாயம் அரத்தால் எடுக்கணும். அரத்தை வெளியிலிருந்து உள்ளே ஒரே திசையில் இழுங்கள்.

ஹெட்

போரில் செலவழிக்கும் காசில் பாதியை ஹெட்டில் போட்டால் பவர் அதிகம் தெரியும். கைடில் வால்வு ஆடினால் புது கைடு. அது இல்லாமல் சீட் வெட்டுவது வீண் வேலை, மையமே கிடைக்காது. சீட் 45 டிகிரி. அதன் மேலே 30, கீழே 60 டிகிரி வெட்டி, உட்காரும் பட்டையை இன்லெட்டில் ஒன்றே கால் மில்லி, எக்ஸாஸ்ட்டில் ஒன்றரை மில்லி அளவுக்குக் கொண்டு வாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு அந்தப் பட்டை வழியாகத்தான் சூட்டை இறக்குகிறது, அதை ரொம்ப மெலிதாக்கினால் சீக்கிரம் கருகும். வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று தேய்க்கும் லேப்பிங் பேஸ்ட் கடைசியில் ஒரு சுற்றுக்கு மட்டும் போதும். வால்வுகளை ஸ்பிரிங்கோடு மாட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். எரியறையில் ஈரம் தெரிந்தால் இன்னும் முடியவில்லை.

போர்ட்டிங் என்றதும் கிரைண்டரை எடுத்துப் பெரிதாக்கத் தோன்றும். வேண்டாம். இந்த எஞ்சின் நடு ஆர்.பி.எம்-ல் இழுக்கிற எஞ்சின். துளையைப் பெரிதாக்கினால் கலவையின் வேகம் குறைந்து, கீழே இழுவை செத்துவிடும். செய்ய வேண்டியது வேறு: கார்ப்பரேட்டர் உட்காரும் இடத்தில் பேக்கிங் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டிச் சரிசெய்யுங்கள். வார்ப்பில் நின்றுபோன படிகளையும் மேடுகளையும் கரைத்து, கைடு இறங்கும் இடத்தைச் சுற்றி வழவழப்பாக்குங்கள். அவ்வளவுதான், ஒரு மத்தியானத்து வேலை.

கம்ப்ரஷன், அதாவது கலவை அமுங்கும் விகிதம், இதில் சுமார் ஆறரைக்கு ஒன்று. கூட்ட ஆசைப்படுகிறவர்கள் ஹெட்டைச் சீவச் சொல்லி வருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழரைக்குக் கொண்டுபோக எரியறையில் பத்து சி.சி. குறைய வேண்டும், அதாவது இரண்டரை மில்லி வெட்டு. அத்தனை இறங்கினால் புஷ்ராடு, வால்வு, பிஸ்டன் இடைவெளி எல்லாமே மாறிப்போகும். கொஞ்சம் குவிந்த தலையுள்ள பிஸ்டன் நல்ல தரத்தில் கிடைத்தால் அதுவே நேரான வழி. கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஆறரையிலேயே நன்றாகக் கட்டின வண்டி, எட்டில் அரைகுறையாகக் கட்டின வண்டியை அவினாசி ரோட்டில் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

ஆயில்

டைமிங் கவரில் இரண்டு பம்ப்: ஒன்று ஊட்டும், ஒன்று திருப்பி எடுக்கும். பம்ப் டிஸ்க் உட்காரும் முகத்தில் கீறல் இருந்தால் மெட்டல் பாலிஷ் வைத்து எட்டு போடுவது மாதிரி தேய்த்துச் சமப்படுத்துங்கள். கவரிலிருந்து கிராங்க் முனைக்கு ஆயில் போகும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது, பழையதில் கார்க். காசு பெறாத சாமான், ஆனால் அது சுருங்கியிருந்தால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் டைமிங் அறைக்குள்ளேயே கொட்டிவிடும். ஒவ்வொரு தடவை கவர் திறக்கும்போதும் புதுசு போட வேண்டும்.

கட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. 20டபிள்யூ50 ஆயிலை நிரப்பி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டைமிங் கவரில் கிராங்க் முனைக்கு நேராக இருக்கும் பிளக்கைத் தளர்த்திக்கொண்டு, ஆயில் குமிழி இல்லாமல் வடியும் வரைக்கும் கிக்கரை மிதியுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ராக்கருக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி அங்கும் ஆயில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் பார்க்கணும், ஒன்று மற்றதற்குச் சாட்சி ஆகாது.

டேப்பெட், பாயிண்ட், டைமிங்

டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் வைக்க வேண்டும். பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை. பேரல் பக்கத்தில் உள்ள மூடியைத் திறந்தால் புஷ்ராடுகளின் அடியில் அட்ஜஸ்டர் தெரியும். ஃபீலர் கேஜ் தேவையில்லை. ராடை இரண்டு விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழலணும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி சுழற்றிப் பாருங்கள், நட் இறுகும்போது கூடவே அட்ஜஸ்டரும் நகர்ந்திருக்கும். சத்தம் வராமல் இருக்க இன்னும் கொஞ்சம் இறுக்கினால், சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் நின்று கருகும்.

ஸ்பார்க்கை விடும் காண்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளி பதினாலிலிருந்து பதினாறு தௌ. முதலில் இதை வைத்துவிட்டுத்தான் டைமிங். மாற்றிச் செய்தால் டைமிங் நகர்ந்துவிடும். வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் யூனிட் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லி கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஹெட்டை மாட்டும் முன்பே பிஸ்டன் தலையில் டயல் கேஜ் வைத்து இதை அளந்துகொண்டால் வேலை சுலபம். பாயிண்ட் திறப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. சின்ன பல்பை வயர் மாட்டி வைத்தால் அது காட்டிக்கொடுக்கும், இல்லாவிட்டால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாள் பிடிவிட்டு நழுவுவதே போதும்.

அதே நேரம் அட்வான்ஸ் யூனிட்டை விரலால் திருப்பி விடுங்கள். பட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் ஸ்பிரிங் செத்துவிட்டது. கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்ப்பதும், ஏற்றத்தில் ‘சிலுக் சிலுக்’ என்று எஞ்சின் தட்டுவதும் இதனால்தான். அதற்குப் போய் கார்ப்பரேட்டரை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

கார்ப்பரேட்டரும் சைலன்சரும்

350-க்கு 24 மில்லி கார்ப்பரேட்டர் போதும். 28 போட்டால் நெடுஞ்சாலையில் மேல்பக்கம் கொஞ்சம் கிடைக்கும், காந்திபுரம் சிக்னலில் கீழ்ப்பக்கம் போய்விடும். ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றியிருந்தால் ஜெட் மாற்றியே ஆக வேண்டும். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். முதல் எட்டில் ஒரு பங்கு பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதற்கு மேல் கால் வரைக்கும் ஸ்லைடு, காலிலிருந்து முக்கால் வரைக்கும் நீடில், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் வண்டி திக்குகிறதோ, அந்தக் கோட்டுக்கு உரியதை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று.

மெயின் ஜெட்டுக்கு, ரன்னிங்-இன் எல்லாம் முடிந்த பிறகு, காலி ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பிஸ்கட் நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, உடனே ஒரு நம்பர் பெரிய ஜெட். கறுப்பு என்றால் ஒரு நம்பர் சிறியது. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு ஒரு சாயல் கறுப்புப் பக்கம் இருப்பதையே நான் விரும்புவேன். பிளக் சுத்தமாக இருக்கிறது என்று வெள்ளையில் ஓட்டியவர்களின் பிஸ்டன்கள் என் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன, தலையில் ஓட்டையோடு.

சைலன்சரில் தடுப்பை உருவியெடுப்பதால் சத்தம்தான் கூடும், போலீஸும் பிடிப்பார்கள். நடு இழுவையும் குறையும், காதுதான் வேகம் கூடியதாக நம்பும்.

ஓட்டத் தொடங்குவது

முதல் ஸ்டார்ட்டில் நிறுத்தி வைத்து உறுமவிடாதீர்கள். ஆயில் வருவதைப் பார்த்ததும் ரோட்டுக்குப் போய்விடுங்கள், நின்றால் காற்று இல்லை. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் டாப் கியரில் ஐம்பதுக்குள். ஆனால் ஒரே வேகத்தில் உருட்டவும் கூடாது. கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, இழுத்து, விட்டு ஓட்டினால்தான் ரிங் சுவரில் படியும். டாப் கியரில் முப்பதில் திணறவிடுவது வேகமாக ஓட்டுவதைவிட மோசம். முதல் நாள் ஓட்டி வந்து ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மறுபடி இறுக்கி, உடனே டேப்பெட்டையும் பாருங்கள். பேக்கிங் அமுங்கினால் ஹெட் இறங்கும், புஷ்ராடு இறுகியிருக்கும். முதல் ஆயிலை ஐம்பது அறுபது கிலோமீட்டரிலேயே வடித்துவிடலாம். அதில் மினுக்கும் பொடியைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அடுத்தது ஐந்நூறில். அப்போதும் மினுக்கினால்தான் யோசிக்கணும்.

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, எண்பதில் சிரமமில்லாமல் போகிறது, ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டியிருக்கவில்லை என்றால் கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டை 16 பல்லிலிருந்து 17-க்கு மாற்றிப் பாருங்கள். அதே வேகத்துக்கு எஞ்சின் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும். வாரத்துக்கு இரண்டு தரம் கோத்தகிரி ஏறுகிறவர் என்றால் 16-லேயே இருங்கள். எப்படியானாலும், முன் பிரேக் ஷூவையும் கேபிளையும் அதற்கு முன்னால் புதுசாக்கிவிட்டு வாருங்கள்.